மணலுக்குள்ளே தண்ணீர்
கென்யக் கிராமங்களில் கிறிஸ்தவ இளந்தொண்டர்கள்

உதவி செய்ய வருபவர்களைப் பற்றி எமது வாசகர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. நலன்புரி நிலையத்திலும், உறவினரின் வளவிலும், கிடுகுக் கொட்டிலிலும் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் வந்து போனதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். சிலர் பெயர்ப்பலகை நாட்டினார்கள். சிலர் படம் எடுத்தார்கள். சிலர் கிணறு துப்புரவாக்கித் தந்தார்கள். மிகச் சிலர் உங்களோடு பாயில் அமர்ந்து, நீங்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, உங்கள் கதையைக் கேட்டார்கள். வந்தவர்களில் யாரை இன்றும் நினைக்கிறோம், யாரை மறந்துவிட்டோம் என்று எண்ணிப் பார்த்தால், உதவி என்றால் என்ன என்பதற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

இக்கட்டுரை அந்தக் கேள்வியை வேறொரு நாட்டில் வைத்துப் பார்க்கிறது. கிழக்கு ஆபிரிக்காவில் உள்ள கென்யாவின் தென்கிழக்குப் பகுதி எங்கள் வன்னியைப் போலவே மழையை நம்பிக் கமம் செய்யும் நாடு. மச்சாக்கோஸ், மாக்குவேனி, கிட்டுயி என்னும் அப்பகுதிகளுக்குப் பல ஆண்டுகளாக வெளிநாட்டுக் கிறிஸ்தவ இளைஞர்கள் தொண்டர்களாகப் போய் வருகிறார்கள். சிலர் இரண்டு வாரம் நிற்கிறார்கள். சிலர் ஒரு வருடம். ஒரு சிலர் பல வருடங்கள். அவர்கள் அங்கே என்ன செய்தார்கள், எதைக் கற்றார்கள், அவர்கள் போன பின்பு எது நிலைத்தது என்பவற்றை அறிவது எமக்கும் பயன் தரும்.

போனவர்கள் யார்?

ஆபிரிக்கக் கிராமங்களுக்கு இளைஞரைத் தொண்டுக்கு அனுப்பும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. இதில் முன்னோடியாக நின்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் றொபின்சன் என்னும் கறுப்பினப் போதகர். 1907இல் அமெரிக்காவின் நொக்ஸ்வில் நகரில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். நியூயோர்க்கில் ஹார்லெம் என்னும் பகுதியில் சபை நடத்தி வந்தார். 1950களில் ஆபிரிக்காவைச் சுற்றிப் பார்த்த அவர், அமெரிக்க இளைஞர்கள் அங்கே போகவேண்டும், அங்குள்ள இளைஞரோடு தோளோடு தோள் நின்று வேலை செய்யவேண்டும் என்று முடிவு செய்தார். 1958ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அவரது முதற் குழு, ஏறத்தாழ அறுபது மாணவர்கள், மேற்கு ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டது. அத்திவாரம் வெட்டுவது, பாடசாலைக் கட்டடம் எழுப்புவது, பாதை போடுவது போன்றவையே இத்திட்டத்தின் வேலைகள்.

அக்குழுவில் கறுப்பின மாணவரும் இருந்தனர், வெள்ளையின மாணவரும் இருந்தனர். அந்நாளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இவ்விரு பிள்ளைகளும் ஒரே பாடசாலையில் படிப்பதையே பலர் எதிர்த்தனர். சொந்த நாட்டில் ஒரே மேசையில் அமர முடியாதவர்கள் ஆபிரிக்கக் கிராமம் ஒன்றில் ஒரே கூரையின் கீழ் படுத்து, ஒரே சட்டியில் உண்டார்கள். யார் யாருக்கு உதவி செய்தார்கள் என்று கேட்டால், பதில் சொல்வது இலகுவல்ல. 1962இல் இத்திட்டத்தின் இளைஞரைச் சந்தித்த ஜனாதிபதி ஜோன் கெனடி, தமது அரசாங்கம் 1961இல் தொடங்கிய பீஸ் கோர் என்னும் தொண்டர் திட்டத்துக்கு இவர்களே முன்னோடிகள் என்று பாராட்டினார்.

இன்னொரு வழியில் போனவர்கள் மெனனைற் சபையினர். ஆயுதம் ஏந்துவதில்லை என்பது இவர்களின் பழைய விசுவாசம். போரில் சேர மறுத்ததற்காகப் பல நாடுகளில் துன்பப்பட்டவர்கள். இடம் விட்டு இடம் ஓடியவர்கள். இவர்களது மத்திய குழு 1920இல் உருவானது. அன்று ரஷ்யாவின் தென்பகுதியில் போராலும் பஞ்சத்தாலும் வாடிய தம் மக்களுக்கு உணவு அனுப்பவே அது தொடங்கியது. பின்னர் எல்லா மக்களுக்குமான பணியாக விரிந்தது. ஆபிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுதந்திரம் பெற்ற காலத்தில் அங்கே பாடசாலைகளுக்கு ஆசிரியர் போதவில்லை. 1962இல் இக்குழு இளம் ஆசிரியர்களை அங்கு அனுப்பும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. பட்டாளத்துக்குப் போக மறுத்த இளைஞர் பலர் அதற்குப் பதிலாகக் கரும்பலகையின் முன்னே நின்று தம் சேவைக் காலத்தைக் கழித்தார்கள்.

அதே குழு இன்று நடத்தும் இளைஞர் திட்டம் ஒன்றின் பெயர் 'சேவை செய்வோம், சேர்ந்து கற்போம்' என்ற பொருள் தரும். பதினொரு மாதங்கள் அந்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கி, அங்குள்ள அமைப்பு ஒன்றின் கீழ் வேலை செய்யவேண்டும். 'கற்போம்' என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

வரண்ட மண், வற்றும் ஆறு

கென்யாவின் தலைநகரான நைரோபியிலிருந்து சுமார் 60 கிலோமீற்றர் தென்கிழக்கே மச்சாக்கோஸ் நகரம் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கிப் பரந்து கிடக்கும் குன்றும் சமவெளியுமான நாட்டில் அக்காம்பா மக்கள் வாழ்கிறார்கள். வருடத்தில் இரண்டு மழைக்காலம்: மார்ச் முதல் மே வரை ஒன்று, ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மற்றொன்று. பல இடங்களில் வருட மழை 500 முதல் 800 மில்லிமீற்றர் வரையே. அதுவும் சொன்ன நேரத்தில் வருவதில்லை. வரும்போது பெரும் அடைமழையாக வந்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடிவிடும். சோளன், கவ்பீ, பயறு, துவரை, அவரை, இறுங்கு என்பன அங்கே பயிராகின்றன. ஆடும் மாடும் உண்டு.

ஆறுகள் உண்டு, ஆனால் மழை பெய்த சில நாட்களுக்கே நீர் ஓடும். பிறகு வெறும் மணல் தெரியும். அந்த மணலைத் தோண்டித் தண்ணீர் எடுப்பது அம்மக்களின் பழைய வழக்கம். கோடை நீள நீளக் குழியும் ஆழமாகும், நடையும் நீளும். நெற்றியில் பட்டியைக் கொளுவி, முதுகில் மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் கலனைச் சுமந்துகொண்டு மணிக்கணக்காக நடப்பவர்கள் பெண்களே. கூடப் போகும் சிறுமிக்கு அன்றைய பாடம் போய்விடும்.

இந்த மக்களின் வரலாற்றை அறியாமல் அங்கே போகும் இளைஞர் ஒரு பிழையான எண்ணத்தோடு போவார்கள்: 'இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் சொல்லிக் கொடுக்கவேண்டும்' என்ற எண்ணம். உண்மை வேறு. பிரித்தானியர் ஆண்ட காலத்தில் நல்ல நிலங்கள் வெள்ளைக் குடியேற்றக்காரர் கைக்குப் போயின. அக்காம்பா மக்கள் ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் நெருக்கப்பட்டனர். நெருக்கத்தால் நிலம் கெட்டது. 1930களில் அதிகாரிகள் அந்த மண்ணரிப்பைப் பார்த்துவிட்டு மாடுகள் மேல் பழியைப் போட்டார்கள். 1938இல் மாடுகளைப் பலவந்தமாகப் பிடித்து விற்கத் தொடங்கினார்கள். முயிந்தி எம்பிங்கு என்பவரின் தலைமையில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக மக்கள் நைரோபிக்கு நடந்தே போய், வாரக்கணக்கில் அங்கேயே தங்கி நியாயம் கேட்டார்கள். முயிந்தி எம்பிங்கு தம் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனாலும் மாடு பிடிக்கும் திட்டத்தை அரசாங்கம் கைவிட வேண்டியதாயிற்று.

பின்பு அதே அரசாங்கம் வரம்பு கட்டும்படி மக்களைக் கட்டாயப்படுத்தியது. கட்டாயம் என்பதால் பலர் வெறுத்தார்கள். 1963இல் சுதந்திரம் கிடைத்த பின், யாரும் அதட்டாமலே அதே மக்கள் தாமாகவே குன்றுகளில் வரம்பு கட்டினார்கள். சரிவின் குறுக்கே கான் வெட்டி, வெட்டிய மண்ணை மேற்பக்கம் எறிந்து அணைப்பது அவர்களின் முறை. அதன் பெயரே சுவாஹிலி மொழியில் 'மேலே போடு' என்று பொருள்படும். சில வருட மழையில் மண் அடைந்து, சரிவு தானே படிக்கட்டு வயலாகிவிடும். 1994இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மச்சாக்கோஸில் 1930களுக்கும் 1990க்கும் இடையே மக்கள் தொகை ஐந்து மடங்குக்கு மேல் பெருகியிருந்தும், மண்ணரிப்பு முன்னையிலும் குறைந்துவிட்டது என்று காட்டியது. ஒரே வேலைதான், அதிகாரியின் வேலையாக இருந்தபோது பாரமானது, தம் காணியின் வேலையானபோது வளர்ந்தது.

மணல் அணை எப்படி வேலை செய்கிறது?

இளந்தொண்டர்கள் அங்கே அதிகமாக ஈடுபட்ட வேலைகளில் ஒன்று மணல் அணை கட்டுவது. இது சாதாரண அணையைப் போன்றதல்ல. விளங்கிக்கொள்வது இலகு.

வற்றும் ஆற்றின் குறுக்கே, அடிப்பாறை தெரியும் இடமாகப் பார்த்து, பாறைக்கல்லும் சீமெந்துக் கலவையும் கொண்டு சுவர் எழுப்புவார்கள். உயரம் பெரும்பாலும் 1 முதல் 4 மீற்றர் வரை இருக்கும். மழைவெள்ளம் வரும்போது பாரமான கரடு மணல் சுவரின் பின்னே தங்கும். இலேசான வண்டல் சுவருக்கு மேலால் நீரோடு போய்விடும். ஒன்று முதல் மூன்று மழைக்காலங்களுக்குள் சுவரின் பின்பக்கம் முழுவதும் மணலால் நிரம்பிவிடும். அணை தூர்ந்துவிட்டது என்று பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் அப்போதுதான் அது முழு அணையாகிறது. மணலின் இடைவெளிகளில் நீர் தங்குகிறது. மணல் பிடித்துள்ள கொள்ளளவில் 25 முதல் 40 வீதம் வரை நீராக இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். நல்ல இடத்தில் கட்டிய ஓர் அணையில் பல மில்லியன் லீற்றர் சேரும்.

இதன் நன்மைகள் மூன்று. முதலாவது, வெயில் குடிப்பதில்லை. அப்பகுதியில் திறந்த நீர்நிலையிலிருந்து வருடத்தில் ஏறத்தாழ ஆறடி நீர் ஆவியாகிப் போகிறது. மணலுக்குள் இரண்டு மூன்று அடிக்குக் கீழே போய்விட்டால் அந்த இழப்பு மிகக் குறைவு. இரண்டாவது, மணல் வடிகட்டியாகவும் இருக்கிறது. மேலே நீர் தெரியாததால் நுளம்பு பெருகுவதில்லை. மூன்றாவது, இரு கரையிலும் நிலத்தடி நீர் உயர்கிறது. கரையோரம் வாழையும் மரக்கறியும் பழமரமும் நட முடிகிறது. தண்ணீரை மணலில் குழி தோண்டியோ, சுவரினூடே பதித்த குழாயாலோ, கரையில் வெட்டிய கிணற்றில் கைப்பம்பி பூட்டியோ எடுக்கிறார்கள்.

எல்லா ஆற்றிலும் இது சரிவராது. அடியில் நீரை உறிஞ்சாத பாறை வேண்டும். ஆறு கரடு மணலைக் கொண்டுவரவேண்டும். களியும் வண்டலும் வரும் ஆற்றில் கட்டினால் நீர் தங்காது. மேலே குன்றில் வரம்பு கட்டாமல் அணையை மட்டும் கட்டினாலும் சேறுதான் வந்து நிறையும். ஆகவே அணைக்கு முன் வரம்பு, வரம்போடு மரம் என்பது அங்கே பழகிய ஒழுங்கு.

கட்டும் நாட்களில்

அக்காம்பா மக்களிடம் 'முவெத்யா' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வளவில் எல்லோரும் சேர்ந்து வேலை செய்வார்கள்; அடுத்த முறை அடுத்தவர் வளவில். எங்கள் சிரமதானத்தையும், வயல் வேலையில் கைமாறிக் கூட நிற்கும் வழக்கத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இக்குழுக்களில் பெரும்பாலானோர் பெண்கள். அணை கட்டத் தீர்மானித்தால், வாரக்கணக்காக, மாதக்கணக்காகக் கல் பொறுக்குவார்கள், மணல் சேர்ப்பார்கள், கலவைக்கு வேண்டிய தண்ணீரையும் சுமந்து பரலில் நிறைப்பார்கள். வெளியிலிருந்து வருவது சீமெந்தும், இரும்புக் கம்பியும், மேசனுக்கு வழிகாட்டும் தொழில்நுட்ப உதவியுமே.

வெளிநாட்டு இளைஞர் பெரும்பாலும் சுவர் எழும்பும் நாட்களில் வந்து சேருவார்கள். அங்கே போய் வந்தவர்கள் சொல்லும் அனுபவங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றன. வரிசையில் நின்று கல்லைக் கைமாற்றிக் கொடுப்பது அவர்களுக்குக் கிடைக்கும் வேலை. முதல் மணித்தியாலத்திலேயே உள்ளங்கை கொப்பளிக்கும். பக்கத்தில் நிற்கும் பேத்தி கண்ட கிழவி பாட்டுப் பாடிக்கொண்டு அதே கல்லை வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பாள். உடற்பயிற்சி செய்து வளர்ந்த இளைஞன் மத்தியானத்தில் நிழல் தேடுவான். அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பவளும் அவளே. அந்தத் தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பது அவனுக்குப் பின்புதான் தெரியவரும்.

சாப்பாட்டிலும் ஒரு பாடம் உண்டு. சோளனும் அவரையும் சேர்த்து அவித்த உணவு, சோளமாவில் கிண்டிய களி, பால் விட்ட தேநீர் என்பன பரிமாறப்படும். தேநீரை அங்கும் 'சாய்' என்றே சொல்கிறார்கள். விசேடமென்றால் சப்பாத்தி இருக்கும். விருந்தினருக்குக் கோழி அடிப்பதும் உண்டு. அந்தக் கோழி அவ்வீட்டின் சேமிப்பு என்பதை அறிந்த இளைஞருக்கு அதை விழுங்குவது கடினமாக இருக்கும். வேண்டாம் என்று மறுத்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். வாங்கி உண்டு நன்றி சொல்வதே மரியாதை என்று மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறார்கள். கொடுக்க வந்தவர் பெறப் பழகுவது இப்படித்தான்.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை அனுப்புகிறார். பணப்பையோ பொதியோ கொண்டுபோக வேண்டாம் என்றும், போகும் வீட்டில் கொடுப்பதை உண்ணும்படியும் சொல்லி அனுப்புகிறார். அனுப்பப்பட்டவர்கள் வெறுங்கையோடு, பிறரின் விருந்தோம்பலை நம்பிப் போனார்கள். பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டிக்கொண்டு போகும் இக்காலத் தொண்டர் பலர், ஆபிரிக்கக் கிராமத்து வீடொன்றில் இரவு தங்கிய பின்புதான் இந்த அதிகாரம் தமக்கு விளங்கியது என்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்

எல்லாத் தொண்டுப் பயணமும் நன்மையில் முடிவதில்லை. இதைத் திருச்சபைக்கு உள்ளே இருந்தே பலர் சொல்லியிருக்கிறார்கள். இவான் இல்லிச் என்னும் குருவானவர் 1968இல், மெக்சிக்கோக் கிராமங்களுக்குக் கோடை விடுமுறையில் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவரைப் பார்த்து மிகக் கடுமையாகப் பேசினார். பார்க்கவும் படிக்கவும் வாருங்கள், ஆனால் உதவி செய்ய என்று வரவேண்டாம் என்பதே அவர் சொன்னதன் சாரம். மொழியும் தெரியாமல், ஊரும் தெரியாமல், சில வாரங்களில் நன்மை செய்துவிடலாம் என்று நினைப்பதே அகந்தை என்றார்.

2014இல் அமெரிக்க இளம்பெண் ஒருவர், தன்சானியாவில் பாடசாலை மாணவியாக இருந்தபோது செய்த தொண்டைப் பற்றி எழுதினார். பகலில் அவரும் தோழியரும் அடுக்கிய செங்கல் சுவர் கோணலாக இருந்ததால், ஊர் ஆட்கள் இரவில் அதைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்களாம், மாணவியருக்குத் தெரியாமலே. அவர்களின் விமானச் செலவுக்கு அங்குள்ள மேசன்மாருக்கு வேலை கொடுத்திருக்கலாம் என்று அக்கட்டுரையைப் படித்த பலர் சொன்னார்கள்.

கைப்பம்பியின் கதையும் அப்படியே. ஆபிரிக்காவில் வெளியார் உதவியால் பூட்டப்பட்ட கைப்பம்பிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வேலை செய்யாமல் கிடப்பதாக 2009இல் இருபது நாடுகளளவில் திரட்டிய கணக்கு ஒன்று காட்டியது. பம்பி பூட்டிய நாளில் படம் எடுத்தார்கள். உதிரிப்பாகம் எங்கே வாங்குவது, யார் பூட்டுவது, அதற்குக் காசை யார் சேர்ப்பது என்று ஒருவரும் பேசவில்லை.

சிறுவர் இல்லங்களுக்குப் போகும் பயணம் இன்னும் கவலை தருவது. அங்குள்ள பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையே அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது. இரண்டு வாரம் தூக்கி அணைத்துவிட்டுப் போகும் அக்காவையும் அண்ணாவையும் அப்பிள்ளைகள் மாறி மாறி இழக்கிறார்கள். வெளிநாட்டார் வரவு வருமானமாகும்போது பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் எண்ணமும் குறைந்துவிடுகிறது. அதே பணம் தாயின் கையில் ஓர் ஆடாகவோ தையல் இயந்திரமாகவோ சேர்ந்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்கும்.

யார் நிலைத்து நின்றார்கள்?

மச்சாக்கோஸில் உத்தூனி என்னும் ஊரில் ஜோசுவா முகூசியா என்பவர் இருந்தார். 1978இல் அயலிலுள்ள சில குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சுயஉதவிக் குழுவைத் தொடங்கினார். வரம்பு கட்டினார்கள், மழைநீர்த் தொட்டி கட்டினார்கள், பின்பு மணல் அணையில் இறங்கினார்கள். பக்கத்து ஊர்கள் பார்த்தன. தங்களுக்கும் வேண்டும் என்றன. 2011இல் அவர் காலமானபோது அவர் தொடங்கிய அமைப்பு நூற்றுக்கணக்கான அணைகளோடு வளர்ந்திருந்தது. மெனனைற் மத்திய குழு போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் சீமெந்துக்கும் பயிற்சிக்கும் உதவின, இளைஞரையும் அனுப்பின. ஆனால் எந்த ஆறு, எந்த இடம், எந்தக் குழு முதலில் என்று தீர்மானித்தவர்கள் அங்குள்ளவர்களே. கல்லும் மணலும் வேலையும் அவர்களுடையவை. ஆகையால் அணையும் அவர்களுடையது.

இதன் பெறுமதி பின்னர் தெரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று பரவியபோது உலகெங்கும் தொண்டர்கள் அவசரமாக வீட்டுக்கு அழைக்கப்பட்டார்கள். வெளியாரை நம்பியிருந்த வேலைகள் பல அப்படியே நின்றன. அதன்பின் 2020 முதல் 2023 வரை கிழக்கு ஆபிரிக்காவில் ஐந்து மழைக்காலங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சி அது. ஆறே ஓடாத இடத்தில் மணல் அணையாலும் ஒன்றும் செய்ய முடியாது. இருந்தும், சிறு வெள்ளம் ஒன்றாவது வந்த இடங்களில் அந்த நீரைப் பிடித்து வைக்க சுவர் இருந்தது. அதைப் பங்கிட ஊர்க் குழுவும் இருந்தது.

அணைக்கு வேறோர் ஆபத்தும் வந்தது. நைரோபியில் மாடிக் கட்டடங்கள் எழும்ப எழும்ப மணலுக்கு விலை ஏறியது. லொறிகள் ஆற்றுக்குள் இறங்கி மணலை அள்ளின. மணல் போனால் மணலுக்குள் இருந்த தண்ணீரும் போயிற்று. சில இளைஞர் கூலிக்காகத் தம் ஊர் ஆற்றையே அள்ளிக் கொடுத்தார்கள். தடுக்க வந்தவர்களோடு மோதலும் நடந்தது. இறுதியில் மாக்குவேனி மாவட்ட அரசாங்கம் 2015இல் மணல் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றியது. எங்கே அள்ளலாம், எங்கே அள்ளக்கூடாது என்று வரையறுத்தார்கள். ஆற்றங்கரை ஊர்கள் காவலாக நின்றால்தான் அச்சட்டமும் உயிரோடு இருக்கும். இந்தக் காவலை இரண்டு வாரத் தொண்டர் எவரும் செய்ய முடியாது. மணல் கொள்ளையால் கிணறு உவரான ஊர்களில் வாழ்ந்த எமது வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் தொண்டர்களால் பயனே இல்லையா? உண்டு. கிராமத்தவர் சிலரிடம் கேட்டால், தூரத்திலிருந்து ஒருவர் வந்து எங்களோடு கல் சுமந்தார், எங்களை மறக்கவில்லை என்பதே பெரிது என்பார்கள். திரும்பிப் போன இளைஞர்கள் தம் சபைகளில் பேசுகிறார்கள்; சீமெந்துக்கான காசு அந்தப் பேச்சிலிருந்து வருகிறது. சிலர் நீர், விவசாயம், மருத்துவம் எனப் படித்து, மொழியும் கற்று, வருடக்கணக்கில் பணி செய்யத் திரும்பி வருகிறார்கள். இப்போது பாதை இரு பக்கமும் போகிறது. பிற நாடுகளின் கிறிஸ்தவ இளைஞரை வட அமெரிக்காவுக்குத் தொண்டராக அழைக்கும் திட்டத்தை மெனனைற் மத்திய குழு 1950இல் தொடங்கியது. தெற்கு நாடொன்றின் இளைஞர் இன்னொரு தெற்கு நாட்டுக்குப் போகும் திட்டமும் உண்டு. கென்யாவில் கல் சுமந்த பெண்ணின் மகன் கனடாவில் முதியோர் இல்லமொன்றில் பணி செய்யப் போகலாம். உதவி பெறுபவர் என்றும் பெறுபவராகவே இருக்கவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

எம்மிடம் வருபவர்களிடம் கேட்பதற்கு

உத்தூனி மக்களின் அனுபவத்திலிருந்து சில கேள்விகளை எடுத்து இங்கே தருகிறோம். உங்கள் ஊருக்கோ, மீள்குடியேறிய கிராமத்துக்கோ தொண்டர் குழு ஒன்று வரும்போது, சங்கக் கூட்டத்தில் அவர்களிடம் மரியாதையோடு இவற்றைக் கேட்கலாம். கேட்பது நன்றி கெட்ட செயல் அல்ல.

1. இந்த வேலை வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் சங்கமா, நீங்களா?

2. இதை எங்கள் ஊர் மேசனும் கூலியாட்களும் செய்யலாமா? செய்யலாம் என்றால் அவர்களுக்கு வேலை கொடுத்து, நீங்கள் அவர்களுக்குக் கைகொடுக்க முடியுமா?

3. நாங்கள் போடும் பங்கு என்ன? கல்லோ, மணலோ, வேலையோ, காணியோ எதுவானாலும் அது கணக்கில் எழுதப்படுமா?

4. பழுதானால் யார் திருத்துவது? உதிரிப்பாகம் எங்கள் பட்டணத்துக் கடையில் கிடைக்குமா?

5. எத்தனை நாள் நிற்பீர்கள்? போன பின்பு யாரோடு தொடர்பு வைப்பீர்கள்?

6. எங்கள் பிள்ளைகளைப் படம் எடுக்கும் முன் தாய் தகப்பனைக் கேட்பீர்களா?

7. எங்களிடமிருந்து எதைக் கற்றுப் போக விரும்புகிறீர்கள்?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த இளைஞனுக்கும் யுவதிக்கும் பாய் விரித்துக் கொடுங்கள். விதைப்புக்கு மழை பார்க்கும் விதத்தையும், குளத்து நீரைப் பங்கிடும் ஒழுங்கையும், விதைநெல்லை உரப்பையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் காப்பாற்றிய கதையையும் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கொண்டுவரும் சீமெந்து ஒரு நாளில் முடிந்துவிடும். நீங்கள் கற்றுக் கொடுத்தது அவர்களோடு நெடுநாள் இருக்கும்; நீங்கள் கூடிக் கட்டியது உங்கள் ஊரில் இருக்கும்.